எச்சில் என்று தெரிந்தும்

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் அஞ்சல்வழியில் மைக்ரோபயாலஜி படிக்கக் கிளம்பியவள் நான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரைக்கு வகுப்புக்குப் போவேன். அன்றைக்குப் பாடம் எடுத்த ஆசிரியை என்னைவிடப் பத்து வயது சின்னவர். கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டு அதற்குள் நாலைந்து சின்னக் கோடு இழுத்தார். வட்டம் நம் நுரையீரலில் இருக்கும் ஒரு வெள்ளணு. கோடுகள் காசநோய்க் கிருமிகள். கிருமியை விழுங்கிச் செரிக்க வேண்டிய செல், செரிக்க முடியாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இதுவரைக்கும் எனக்கு மனப்பாடம்.

பிறகு அவர் வட்டத்தின் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகச் சின்ன வட்டங்களை வெளியே பறக்கவிட்டார். செல் தன் தோலையே கிள்ளிக் கட்டி அனுப்பும் பொட்டலங்கள் இவை என்றார். வெசிக்கிள் என்று பெயர். நம் உடம்பில் எல்லா செல்லும் இப்படி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறதாம். செல் வெளியே தள்ளும் குப்பை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்களாம். குப்பை இல்லை, தபால் என்று இப்போது தெரிகிறது. நோய் பிடித்த செல் அனுப்பும் பொட்டலத்தில் கிருமியின் துண்டு துணுக்குகளும் சேர்ந்து போகும். முழுக்கிருமி உள்ளேயே அடைந்து கிடக்கும், அதன் சங்கதி மட்டும் ஊர் சுற்றும்.

"போய்ச் சேர்ற இடத்துல அது என்ன செய்யும்?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் சண்டைக்குப் போவது போலத்தான் இருந்தது.

"ரெண்டும் செய்யும்க்கா. சில நேரம் பக்கத்துச் செல்லை எழுப்பி விடும், எதிரி வந்துட்டான்னு. சில நேரம் மயக்கி வச்சிரும், ஒண்ணுமில்ல தூங்குன்னு. எப்ப எது நடக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியல."

"நம்ம மைக்ராஸ்கோப்புல தெரியுமா?"

"தெரியாதுக்கா. அம்புட்டுச் சின்னது. சளியில கிருமி தெரியாதவங்க ரத்தத்துல இந்தப் பொட்டலத்தைப் பிடிச்சு நோயைக் கண்டுபிடிக்க முடியுமான்னு சில பேரு தேடிக்கிட்டிருக்காங்க."

அவ்வளவுதான் பாடம். மற்றவர்கள் படத்தை நோட்டில் வரைந்துகொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. மயக்கி வைத்துவிடும் என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் வீட்டில் அம்மா மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, தூசி, பனி, வயசு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பரிசோதனைக் கூடத்து வேலையில் ஊரில் யார் இருமினாலும் கப்பைக் கையில் கொடுத்து சளி கேட்கிறவள், அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு சீட்டைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கும்.

அந்தச் சீட்டை எழுதியது நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் டவுனில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ஒற்றை அறை, ஒரு ஜன்னல். கரண்ட் போனால் மைக்ராஸ்கோப்பின் அடியிலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துப் பார்ப்போம். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப் நாற்றம் உள்ளே வரும். என் வேலையில் பாதி சளி பார்ப்பதுதான். சளியை ஸ்லைடில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றி, அடியில் தீ காட்டி, ஆசிட்டில் கழுவி, மேலே நீலம் விட்டுப் பார்க்க வேண்டும். கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். இடம் மாற்றி இடம் மாற்றி நூறு இடம் பார்த்த பிறகுதான் இல்லை என்று எழுதலாம்.

ஆனால் அதற்கெல்லாம் முந்தின வேலை ஒன்று இருக்கிறது. கொண்டுவந்தது சளிதானா என்று கப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருவார்கள். எச்சில் தெளிவாக, நுரைத்துக்கொண்டு இருக்கும். அதில் கிருமி இருக்காது, நோய் இருந்தாலும் இருக்காது. "இது எச்சிலும்மா. நெஞ்சுக்குள்ள இருந்து இருமி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவேன். எரியோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த கிழவரையும் அனுப்பியிருக்கிறேன். என் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், தங்கச்சி. அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குக் கல்யாணத்தில் மனசில்லை, தங்கச்சிக்கு நிறையவே இருந்தது. அவள் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சேவுகம்பட்டிப் பையன் ஒருவனுக்கு, அவனும் வாத்தியார், பெண் கேட்டு வந்தார்கள். பேசி முடித்தாயிற்று. தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று முடிவானது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நோன்பு நாளும் எங்கள் கோயில்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், விட்டால் ஈஸ்டர் கழிந்துதான். அதனால் எல்லாம் அவசரம்.

அந்த அவசரத்துக்குள்தான் அவள் இருமத் தொடங்கினாள். சாயங்காலமானால் கண் பளபளக்கும், உடம்பு சுடும். கல்யாண ரவிக்கையைத் தையல்காரர் ஒரு முறை பிடித்துக் கொடுத்தார். பத்து நாளில் அது மறுபடி தொளதொளத்தது. இரண்டாவது முறை பிடிக்கக் கொண்டுபோனபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். 

அம்மாவும் பயந்தாள். அந்த நோயின் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். அம்மாவின் வாயில் வேறெதுவும் நிற்காது, தெருவுக்கே ஒலிபரப்பு நடக்கும், ஆனால் அது மட்டும் வராது. தங்கச்சியின் பாயை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்கு அடியில் போட்டாள். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் பாயை ஒட்டிப் போட்டுப் படுத்தவர்கள்.

நான் கப்பு கொண்டுவந்து தங்கச்சியிடம் கொடுத்தேன். காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், நன்றாக இழுத்து இருமி எடு என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் கப்பை மூடி நீட்டினாள். கூடத்துக்குப் போய்த் திறந்தேன். எச்சில்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. குருடிக்கும் தெரியும். ஓர் ஐந்து நிமிஷம் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றிருப்பேன். பிறகு குச்சியால் அதைத் தொட்டு ஸ்லைடில் தேய்த்தேன். சிவப்பு ஊற்றினேன், தீ காட்டினேன், கழுவினேன், நீலம் விட்டேன். ஒரு குறை வைக்காமல் செய்தேன். நூறு இடமும் பார்த்தேன், நூறுக்கு மேலேயும் பார்த்தேன். ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? மூன்று முறை பார்ப்பது அப்போதைய வழக்கம். மூன்று நாளும் அவள் எச்சிலைத் தந்தாள், மூன்று நாளும் நான் வாங்கிக்கொண்டேன். சீட்டில் அவள் பெயர், வயது, கீழே நெகடிவ், அதற்கும் கீழே என் கையெழுத்து. சாயங்காலம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 

அம்மா சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாதா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் செபப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினாள். அன்றைக்கே ஜன்னலடிப் பாயை இழுத்துத் தன் பாயோடு ஒட்டிப் போட்டாள்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சொல்வார். முதல் ஓலை வாசித்த ஞாயிறு அம்மா புதுச்சேலை கட்டியிருந்தாள். தடை அறிந்தவர்கள் என்று சாமியார் சொன்னபோது நான் முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். கோயிலில் அத்தனை பேருக்கு நடுவில் அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஓலைக்கு நான் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு தெருவில் நின்றிருந்தாள். பின்பக்கம் துவைக்கிற கல்லருகே தங்கச்சி குனிந்து கைக்குட்டையை அலசிக்கொண்டிருந்தாள். கல்லில் வழிந்த தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

நான் கத்தவில்லை.  "எத்தனை நாளா?" என்றேன்.

"போன வாரத்துல இருந்து."

"கப்புல நீ குடுத்தது எச்சிலுடி."

அவள் கைக்குட்டையைப் பிழிந்து கல்லில் வைத்தாள். "தெரியும். சளியக் குடுத்தா கல்யாணம் நின்னுரும்னுதான் எச்சிலத் துப்புனேன். நீ பாத்துட்டு வந்து கிழிகிழின்னு கிழிப்பன்னு மூணு நாளும் காத்துக்கிட்டிருந்தேன். ஊரையே திருப்பி அனுப்புறவ. நீ ஏங்க்கா வாங்கிக்கிட்ட?"

 அவள் பயந்துபோய்ப் பொய்யாகத் துப்பினாள், நான் பயந்துபோய் அதைப் பொய்யாகப் பார்த்தேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு நான் பையிலிருந்து கப்பை எடுத்தேன். அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு, இன்னும், இன்னும் என்று இரும வைத்தேன். கெட்டியாக, மஞ்சளாக, ஓரத்தில் சிவப்போடு வந்தது.

அன்றைக்குக் கூடத்தில் கரண்ட் இல்லை. வெயிலைப் பிடித்துத்தான் பார்த்தேன். நூறு இடம் தேவைப்படவில்லை. முதல் இடத்திலேயே இருந்தன, இரண்டும் மூன்றுமாக, நீலத்தில் சிவப்பாக. தினம் பார்க்கிற குச்சிகள்தான். தங்கச்சியின் நெஞ்சிலிருந்து வந்தவை என்பதால் அவற்றை முதல் முறை பார்ப்பது போல இருந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். அப்போதும் குளிர்ந்தது.

மறுநாள் முதல் பூசைக்கு முன்னால், பூசை உடுப்பு மாட்டும் அறையில் சாமியாரைப் பார்த்துச் சொன்னேன்.

"நோய் கல்யாணத்துக்குத் தடை இல்லம்மா" என்றார்.

"தெரியும் சாமி. இன்னைக்கு வாசிக்காம விட்டீங்கன்னா கல்யாணம் வைக்க முடியாது, தவக்காலம் வந்துரும். ஈஸ்டர் வரைக்கும் மாத்திரை உள்ள போயிரும். அது போதும் சாமி."

"பையனுக்குத் தெரியணும். மறைக்கக் கூடாது."

"அவளே சொல்றேன்னு சொல்லிட்டா சாமி."

"அப்ப வாசிக்கல. ஆனா வீட்டுல நான் பொய் சொல்ல மாட்டேன். அது உன் பாடு."

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. பையன் தங்கமானவன். தங்கச்சி சொன்னதைக் கேட்டுவிட்டு, முதலில் உடம்பைப் பார் என்றானாம். அம்மாவிடம் வந்து, எங்க ஊர்லருந்து ஞானஸ்நான சர்டிபிகேட் வரல அத்தை, ஈஸ்டர் கழிச்சு வச்சுக்குவோம் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். அம்மா அவனுடைய ஊர்க் கோயில் ஆபீஸைத் திட்டித் தீர்த்தாள். தங்கச்சி பெரியாஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரையை ரத்தசோகை மாத்திரை என்று சொல்லி விழுங்கினாள்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தது நான். சொன்னால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் சேவுகம்பட்டிக்குத் தெரியும். தங்கச்சி வேர்க்கிறது என்று சொல்லித் தன் பாயை ஜன்னலடிக்குக் கொண்டுபோனாள். அம்மா விடவில்லை. தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள்.

"அதான் ஒண்ணுமில்லன்னு சீட்டு இருக்கே. இன்னும் எத்தனை நாளைக்கு என் பக்கத்துல படுப்ப நீ?"

நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டு மாதத்தில் தங்கச்சியின் சளி சுத்தமானது. பார்த்தது நான் இல்லை, பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்கள். ஈஸ்டர் கழித்துக் கல்யாணம் நடந்தது. மாத்திரையைப் புகுந்த வீட்டில் வைத்து முடித்தாள். இப்போது இரண்டு பிள்ளைகள், பூசணிக்காய் மாதிரி இருக்கிறாள். எல்லோரும் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்தவர்களையும் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? அடுத்தவர் வீட்டுக்காரர்களை எத்தனை முறை விரட்டி வரவழைத்திருப்பேன். நான் போய் யாருக்கும் தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். அம்மாவை எதற்கென்று சொல்லிக் கூட்டிப்போவது? அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் பத்து வருடம் ஓடிவிட்டது.

மதுரை வகுப்பிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இதெல்லாம்தான் ஓடியது. கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் என்று படித்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் நானும் சத்தமில்லாமல் இருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, அடைந்து கிடக்கும் இடத்திலிருந்தும் பொட்டலம் போய்க்கொண்டிருக்கலாம், காவல் காக்க வேண்டியதைத் தூங்கவும் வைக்கலாம் என்று அந்த ஆசிரியை சொல்லிவிட்டார். அம்மாவின் நெஞ்சுக்குள் என்ன போய்க்கொண்டிருந்ததோ எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் போன ஒரு பொட்டலம் மட்டும் தெரியும். அது நான் எழுதிய சீட்டு. ஒன்றுமில்லை தூங்கு என்று அவளைத் தூங்க வைத்தது அதுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரப் பெண், கொஞ்சம் தண்ணி குடிங்கக்கா, முகமெல்லாம் வேர்த்திருக்கு என்றாள். அவள்மீதும் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தப் பத்து வருடத்தில் நானும் அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்கு வேலை மாறியிருந்தேன். இளம் டாக்டர், பெண். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல யாருக்காச்சும் டி.பி. இருந்துச்சாம்மா?" என்றார்.

"அய்யோ, எங்க வீட்டுலயா" என்றாள் அம்மா. மடியிலிருந்த செபப் புத்தகத்தைப் பிரித்தாள். அவள் எங்கே போனாலும் அது கூடப் போகும். பழுத்துப்போன சீட்டை எடுத்து மேசைமேல் வைத்து நீவி விட்டாள். "சின்னவளுக்கு ஒருக்கா இருமல் வந்துச்சு டாக்டரம்மா. பெரியவளே மூணு நாளு பாத்துட்டு இல்லேன்னு எழுதிட்டா. இந்தா, இவதான், இவ கையெழுத்துதான்." பெருமையாகச் சொன்னாள். பத்து வருடமும் அதைப் பெருமையாகத்தான் வைத்திருந்தாள்.

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஒரு நொடியில் அதையும் நினைத்தேன், மறைக்கவில்லை.

"இருந்துச்சு டாக்டர். தங்கச்சிக்கு. இது சளி பார்த்து எழுதுனது இல்ல, எச்சில். தெரிஞ்சேதான் எழுதினேன்."

அம்மா சீட்டை எடுத்து மடித்து மறுபடி செபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.  டாக்டர் கப்பைக் கொடுத்து மறுநாள் காலையில் சளி கொண்டுவரச் சொன்னார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது என் பாய்க்குப் பக்கத்திலிருந்த தன் பாயைத் தானே இழுத்துக்கொண்டு போய் ஜன்னலுக்கு அடியில் போட்டாள். எழுந்து பிடிக்கப் போனேன், கையால் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலையில் பின்பக்கக் கல்லருகே நின்று அவள் இருமும் சத்தம் கேட்டது. ஆழமாக, நிதானமாக, சொல்லிக்கொடுத்தபடியே இருமினாள். உள்ளே வந்ததும், கப்பைக் குடும்மா, நானே கொண்டுபோய்ப் பாத்துருறேன் என்று கை நீட்டினேன்.

"வேணாம். வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லு."

கப்பைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தாள். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கொடுத்தோம். இருக்கிறது என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அம்மா சீட்டை வாங்கி அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செபப் புத்தகத்தைத் திறந்து, என் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த பக்கத்தில் இதை வைத்து மூடினாள்.